டிப்பர் வருமுன் தண்ணீருக்கு வழி: காணிக்குள் பாதை போடும் முறை

கொழும்பில் இருந்துகொண்டு பாதுக்கை, ஹங்வெல்லை, கொஸ்கம, அவிசாவளைப் பக்கங்களில் காணி வாங்குகிறவர்கள் கிணற்றையும் அத்திவாரத்தையும் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்கள். பாதை என்றால் "நாலு லோட் கிரவல் கொட்டினால் சரி" என்ற நினைப்பு. அந்தக் கிரவல் மே மாத மழையில் சேறாகும். ஜூனில் கல் ஏற்றி வந்த டிப்பர் அச்சு வரை புதையும். அதை இழுக்க வந்த பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) மிச்சப் பாதையையும் உழுதுவிட்டுப் போகும். பிறகு மறுபடியும் நாலு லோட்.

பாதையைக் கெடுப்பது தண்ணீர். வாகனம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. ஆகவே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகப்போகிறது என்பதை முதலில் தீர்த்துவிட்டுக் கிரவலைக் கடைசியாகப் போடுங்கள். கீழே வரும் கணக்குகள் எல்லாம் 200 அடி நீளம், 10 அடி அகலமான ஒரு பாதைக்கு. உங்கள் நீளத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

கடதாசி வேலை

நில அளவைப் படத்தை விரித்து, பாதைக்கு எத்தனை அடி ஒதுக்கியிருக்கிறது என்று பாருங்கள். படத்தில் 15 அடி இருக்கும், காணியில் போய் அளந்தால் 11 அடிதான் மிஞ்சியிருக்கும். இரண்டு பக்க வேலிகளும் வருடா வருடம் உள்ளே நகர்ந்திருக்கும். சர்வேயரை அழைத்து எல்லைக் கற்களை மறுபடி காட்டச் சொல்லுங்கள். பெக்கோ வந்து நிற்கும் நாளில் பக்கத்துக் காணிக்காரரோடு வாக்குவாதப்படுவதைவிட இது மலிவு. பாதை இன்னொருவர் காணிக்கு ஊடாகப் போகிறதென்றால், வழியுரிமை காணி உறுதிப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கால்நடையாகப் போக மட்டுமா, வாகனத்துக்கும் சேர்த்தா, எத்தனை அடி என்பதும் அதில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் காணி கைமாறும் நாளோடு முடிந்துவிடும்.

பொது வீதியின் வடிகானுக்கு மேலால் உங்கள் வாசல் போவதால், அந்த வீதி யாருடையதோ அவர்களிடம் அனுமதி எடுக்க வேண்டும். ஏ, பீ தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சீ, டீ தரம் என்றால் மாகாண வீதி அதிகார சபை. உள்ளூர் ஒழுங்கை என்றால் பிரதேச சபை. காணியில் வயல் துண்டு இருந்தால் அதைத் தொடாதீர்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் வயலை நிரப்பக்கூடாது. வழியில் பலா, ஈரப்பலா நின்றால் வெட்டுமுன் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். சீதாவாக்கை, பாதுக்கைப் பிரிவுகளில் மண்சரிவு எச்சரிக்கை வருகிற இடங்கள் உண்டு. அங்கே மலைச்சரிவை வெட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசை வாங்கிக்கொள்ளுங்கள்.

மழையில் ஒரு நடை

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடி மழை கொட்டும்போது குடையோடு காணிக்குப் போங்கள். கையில் 20 குற்றிகளும் ஒரு சுத்தியலும் போதும். மேல் காணியிலிருந்து தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு குற்றி. ஓடிப்போகும் தடத்தில் குற்றிகள். மழை விட்டு ஒரு மணித்தியாலம் கழித்தும் தண்ணீர் நிற்கும் இடத்தைச் சுற்றிக் குற்றிகள். கோடையில் போய்ப் பார்த்தால் இது ஒன்றும் தெரியாது. எல்லாம் ஒரே புல்லாக இருக்கும். களனி கங்கைக்குக் கிட்டிய காணி என்றால் அயலவரிடம் 2016 மே வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்தே காட்டுவார்கள்.

இப்போது பாதைக் கோட்டைத் தீர்மானிக்கலாம். தண்ணீர் நிற்கும் இடத்தைச் சுற்றிப் போக முடிந்தால் சுற்றிப் போங்கள். 30 அடி கூடினாலும் பரவாயில்லை. சரிவான காணியில் மேலிருந்து கீழே நேராக வெட்டிய பாதை முதல் மழையிலேயே வாய்க்காலாகிவிடும். சரிவுக்குக் குறுக்காக, சாய்வாக ஏறுங்கள். 10 அடிக்கு 1 அடி ஏற்றம் கிரவலுக்கு வசதி. 8 அடிக்கு 1 அடி என்பது எல்லை. அதற்கு மேல் செங்குத்தானால் கிரவல் நிற்காது, கொங்கிரீட்தான்.

ஏற்றத்தை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். 30 அடி தெளிவான பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். 20 அடி இடைவெளியில் இரண்டு கம்புகளை நட்டு, குழாயின் இரு முனைகளையும் அவற்றில் கட்டுங்கள். இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து நிலம் வரை இரு கம்புகளிலும் அளந்து கழித்துப் பாருங்கள். வித்தியாசம் 2 அடி என்றால் பத்துக்கு ஒன்று. இரண்டரை அடி என்றால் எட்டுக்கு ஒன்று, எல்லையில் நிற்கிறீர்கள்.

அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டிப்பர் கிட்டத்தட்ட 8 அடி அகலம். ஓடும் பகுதி 10 அடி, இரு ஓரமும் ஒவ்வோர் அடி, இரு வடிகானும் இரண்டிரண்டு அடி, ஆக 16 அடி. ஒதுக்கியிருப்பது 12 அடிதான் என்றால் இரு பக்க வடிகான் ஆசையை விட்டுவிட்டு, பாதை முழுவதையும் ஒரு பக்கம் சாய்த்து அந்தப் பக்கம் மட்டும் வடிகான் எடுங்கள். வளைவில் ஓடும் பகுதியை 13, 14 அடியாக்குங்கள். நீள வாகனத்தின் பின் சில்லு உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பாதை முடியும் இடத்தில் லொறி திரும்ப ஒரு ‘டீ’ வடிவ இடம் விடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு லோடும் 200 அடி பின்னோக்கி வரும், ஓரங்கள் உடையும்.

தோண்டுதல்

நல்ல காலம் ஜனவரி கடைசியும் பெப்ரவரியும். மார்ச் நடுப்பகுதியில் பின்னேர மழை தொடங்கிவிடும். ஒரு வாரத்தில் மூடக்கூடிய அளவை மட்டும் தோண்டுங்கள். திறந்து கிடக்கும் மண்ணில் ஒரு மழை பெய்தால் அடுத்த வாரமும் வீண்.

மேல் மண் முழுக்க வெளியே போக வேண்டும். கறுப்பாக, வேரோடு, கையில் எடுத்தால் இலகுவாக இருக்கும் மண் அது. வழக்கமாக 6 முதல் 9 அங்குலம். பழைய இறப்பர்க் காணியில் அடிக்கட்டையைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு மேலே கிரவல் போடுகிறவர்கள் உண்டு. நாலைந்து வருடத்தில் கட்டை உக்கி, அந்த இடத்தில் சட்டி போலக் குழி விழும். கட்டையை வேரோடு பெக்கோவால் கிளப்பி, குழியை 6 அங்குல அடுக்குகளாக நிரப்பி இடியுங்கள். எடுத்த மேல் மண்ணைத் தோட்டத்துக்கென்று ஒரு பக்கம் குவித்து வையுங்கள். பாதை ஓரத்தில் கரையாகக் கட்டிவிட்டால் தண்ணீர் பாதைக்குள்ளேயே அடைபட்டு நிற்கும்.

கீழே செம்மண்ணோ கபுக்கோ (செம்பூராங்கல்) தெரிந்ததும் அலவாங்கை எடுங்கள். இடுப்பு உயரத்தில் நேராகப் பிடித்து, அழுத்தாமல் கையை விடுங்கள். ஓரிரண்டு அங்குலம் இறங்கி ‘டக்’ என்று நின்றால் நல்ல நிலம். சத்தமில்லாமல் நாலு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த இடம் மெத்தை. 10 அடிக்கு ஒரு தடவை, நடுவிலும் இரு ஓரத்திலும் போட்டுப் பார்த்து, மெத்தையான இடங்களைச் சுண்ணாம்பால் வட்டமிடுங்கள். சந்தேகம் இருந்தால் லோடோடு வந்த முதல் டிப்பரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சில்லு போகும்போது மண் அமுங்கி, போனதும் மறுபடி எழும்பினால் அங்கே அடியில் ஈரம் இருக்கிறது.

மெத்தை இடத்தில் எவ்வளவு கிரவல் கொட்டினாலும் அது கீழே போகும், களி மேலே வரும். ஒரு அடி ஆழத்துக்கு அகழ்ந்து, ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து (ஓரங்கள் ஒரு அடி மேற்பொருந்த வேண்டும்), அதன் மேல் 6×9 அங்குலக் கருங்கல்லை நெருக்கமாக அடுக்குங்கள். இடைவெளிகளைக் குவாரித் தூளால் நிரப்பி உருட்டுங்கள். 30 அடி நீளம், 12 அடி அகலத்துக்குக் கல் மூன்றரை முதல் நாலு கியூப் (1 கியூப் = 100 கன அடி), தூள் ஒரு கியூப் அளவில் பிடிக்கும். துணியை மிச்சம் பிடிக்க வேண்டாம். கல்லையும் களியையும் பிரித்து வைப்பது அதுதான்.

கேம்பர் (நடு உயர்ந்து ஓரம் தாழும் சாய்வு): கிரவலுக்கு முன்னால்

பல பாதைகள் பிழையாகிப்போவது இந்த இடத்தில். தோண்டிய அடித்தளத்தைத் தட்டையாக விட்டுவிட்டு, மேலே போடும் கிரவலில் மட்டும் நடுவை உயர்த்துகிறார்கள். கிரவலுக்கு ஊடாக இறங்கும் தண்ணீர் அந்தத் தட்டையான மண்ணில் தாம்பாளத்தில் நிற்பது போல நிற்கிறது. மேலே காய்ந்திருக்கும், கீழே கூழ். அடித்தளமே நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்க வேண்டும், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு அடுக்கும் அதே சாய்வில்.

அளவு, நடுவுக்கும் ஓரத்துக்கும் 3 அங்குல வித்தியாசம். இதற்கு ஒரு பலகை செய்துகொள்ளுங்கள். 5 அடி நேரான பலகை. ஒரு முனையின் அடியில் 3 அங்குல மரக்கட்டை ஒன்றை ஆணியடியுங்கள். கட்டை உள்ள முனையைப் பாதை ஓரத்திலும், மற்ற முனையைப் பாதை நடுவிலும் வைத்து, மேலே ஸ்பிரிட் லெவலை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் சாய்வு சரி. பெக்கோக்காரர் கண்ணாலேயே பிடித்துவிடுவேன் என்பார். அவர் சொல்வது அநேகமாகச் சரியாகவும் இருக்கும். ஆனாலும் 15 அடிக்கு ஒரு தடவை பலகையை வைத்துப் பாருங்கள்.

வடிகானும் குழாயும்

வடிகானின் அடி, பாதையின் மண் தளத்தைவிட ஒரு அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். பக்கங்களைச் செங்குத்தாக வெட்டினால் இடிந்து விழும். சாய்வாக, அகன்ற ‘வி’ போல வெட்டுங்கள். சரிவில் தண்ணீர் ஓட ஓட வேகம் பிடித்து வடிகானையே அரித்துக்கொண்டு போகும். ஆகவே 60 முதல் 100 அடிக்கு ஒரு இடத்தில் அதை உங்கள் காணிப் பக்கம் திருப்பிவிட்டு, வெளியேறும் வாயில் கற்களைப் பரப்புங்கள். பக்கத்துக் காணிக்குள் திருப்பிவிடாதீர்கள். செங்குத்தான துண்டில் 15 அடிக்கு ஒன்றாக வடிகானுக்குக் குறுக்கே கைப்பிடிச் சுவர் போலக் கல் அடுக்கினால் வேகம் அடங்கும்.

வாசலில், வீதி வடிகானுக்கு மேலால் பாதை போகும் இடத்தில், ஹியூம் குழாய் (கொங்கிரீட் குழாய்). 12 அங்குல விட்டத்துக்குக் குறைய வேண்டாம், முடிந்தால் 18. ஒன்பது அங்குலக் குழாய் இரண்டு மழைக்கு ஓடும், மூன்றாவதில் தென்னோலையும் பொலித்தீன் பையும் அடைத்து, தண்ணீர் வீதிக்கு ஏறும். குழாயின் அடியில் 4 அங்குலம் குவாரித் தூளோ மணலோ பரப்பி, 100 அடிக்கு 1 அடியாவது சாய்வு கொடுங்கள். உங்கள் வாசலில் அது சில அங்குலம்தான், ஆனால் அதுதான் ஓட்டத்தைக் காப்பாற்றுகிறது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் 6 அங்குல அடுக்காக நிரப்பி இடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் நிரப்பினால் குழாய் நகரும். மேலே ஒரு அடி மண்ணாவது மூட வேண்டும். அதற்கு உயரம் இல்லையென்றால் மேலே கம்பி போட்ட கொங்கிரீட் பலகை தேவை. இரு முனையிலும் கல் கட்டுச் சுவர் வையுங்கள், இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒரு சாண் வாசல் குறையும்.

வேலை முடிந்ததும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். குழாய்க்குள் தங்கினால் பிழை. கொழும்பு மாவட்டத்தில் டெங்கு எப்படி இருக்கிறதென்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தங்கிய தண்ணீர் உங்கள் வீட்டு வாசலிலேயே நுளம்பு வளர்க்கும்.

கிரவல்

1 கியூப் என்பது 100 கன அடி. 200 அடி நீளம், 10 அடி அகலம், உருட்டிய பிறகு 6 அங்குலம் கனம் என்றால் 1000 கன அடி, அதாவது 10 கியூப். கொட்டும்போது தளர்வாக இருக்கும், உருட்டினால் அமுங்கும். ஆகவே 30 வீதம் கூட்டி 13 கியூப் வாங்க வேண்டும். மூன்று கியூப் என்று சொல்லி வரும் டிப்பரின் தொட்டியை நாடா வைத்து அளந்து பாருங்கள். 12 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 252 கன அடி. அது இரண்டரைக் கியூப், மூன்று இல்லை. ஐந்து லோடில் இரண்டரைக் கியூப் விடுபடும். கிரவல் ஏற்றும் அனுமதிப்பத்திரம் சாரதியிடம் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.

கிரவல் எல்லாம் ஒன்றல்ல. உள்ளங்கையில் அள்ளி, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். கல் ஒன்றரை அங்குலம் வரை எல்லாப் பருமனிலும் கலந்து, இடையில் சிறிது ஒட்டும் மண் இருக்க வேண்டும். கை முழுக்கச் சிவந்து, விரலில் சவர்க்காரம் போல வழுக்கினால் களி அதிகம், மழையில் சேறாகும். ஒட்டவே இல்லையென்றால் கோடையில் தூளாகப் பறந்து, மேற்பரப்பு சலவைப் பலகை போல வரிவரியாகும். இன்னும் நிச்சயமாக அறிய, ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்குக் கிரவலும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, மறுநாள் பாருங்கள். அடியில் கல், நடுவில் மணல், மேலே களி என்று பிரிந்திருக்கும். மேலே உள்ள களி மொத்தத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் போனால் அந்தக் குழியின் கிரவலை வாங்காதீர்கள். இடித்த கட்டடக் கழிவையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் வரும் ஆணியைப் பல வருடம் டயரில் பொறுக்குவீர்கள்.

6 அங்குலத்தையும் ஒரே தடவையில் கொட்டாதீர்கள். சிறு ரோலருக்கு 4 அங்குலத்துக்கு மேல் கீழ்ப்பக்கம் இறுகாது. இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றும் தளர்வாக 4 அங்குலம். ஈரம் முக்கியம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விரித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாக உதிர்ந்தால் பவுசரால் தண்ணீர் தெளியுங்கள். கையில் நீர் கசிந்தால் ஒரு நாள் காயவிடுங்கள். ரோலரை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொண்டு வாருங்கள், பாதி பாதியாக மேற்பொருந்தி, 6 முதல் 8 தடவை. நடுவிலிருந்து தொடங்கினால் கஷ்டப்பட்டு எடுத்த கேம்பர் ஓரத்துக்குத் தள்ளுப்பட்டுப் போகும். முடிந்த தளத்தில் குதிகாலை அழுத்தித் திருகினால் அடையாளம் விழக்கூடாது.

அதற்கு மேல் 4 அங்குலம் ஏபிசி (உடைத்த கல்லும் தூளும் கலந்த குவாரிக் கலவை) போட வசதியிருந்தால் போடுங்கள். 9 கியூப் அளவில் போகும். பெரிய கல்லிலிருந்து தூள் வரை கலந்திருப்பதால் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். வெறும் முக்கால் அங்குலச் சல்லியைக் கொட்டுவது அழகாக இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே பருமன். சில்லின் கீழ் உருண்டு, மூன்று மாதத்தில் வடிகானுக்குள் கிடக்கும்.

வீடு இன்னும் கட்டி முடியவில்லை என்றால் இந்த ஏபிசியை இப்போது போடவே வேண்டாம். கல், மணல், சீமெந்து லொறிகள் எல்லாம் கிரவல் தளத்திலேயே ஓடட்டும். மூன்று கியூப் கிரவல் மட்டுமே 13, 14 தொன் வரும். அந்த மாதிரி லோடுகள் ஓடியபின் எங்கே அமுங்கியது என்பது தெரியும். அமுங்கிய இடத்தைச் சரிசெய்து, வீட்டு வேலை முடிந்த பிறகு மேல் அடுக்கைப் போட்டால் ஒரு செலவோடு முடியும்.

ஏற்றமான துண்டு

எட்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தான இடத்தில் முழு அகலத்துக்கும் கொங்கிரீட் போடத் தேவையில்லை. சில்லு ஓடும் இரண்டு பட்டிகள் போதும்: ஒவ்வொன்றும் 2 அடி அகலம், நடுவில் 3 அடி இடைவெளி. கார், வான் இரண்டுக்கும் பொருந்தும். கனம் 5 அங்குலம்; லொறி ஏறும் என்றால் 6 அங்குலம், இடையில் பிஆர்சி வலை (இரும்புக் கம்பி வலை). 100 அடி நீளத்துக்கு, 5 அங்குலக் கனத்தில், 1:2:4 கலவையில் சீமெந்து 30 பை, மணல் முக்கால் கியூப், முக்கால் அங்குலச் சல்லி ஒன்றரைக் கியூப் கணக்கு வரும். சேதத்துக்கு 5 வீதம் கூட்டுங்கள்.

10 அடிக்கு ஒரு இடத்தில் அரை அங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) துண்டு வைத்துப் பிரிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் கொங்கிரீட் தானே தன் இஷ்டத்துக்கு வெடித்துப் பிரியும். மேற்பரப்பைத் தேய்த்து மினுக்க வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே ஈர்க்குமாற்றால் குறுக்காக இழுங்கள். கொழும்புப் பக்கத்து ஈரத்தில் பாசி பிடிக்காத கொங்கிரீட் இல்லை. அந்த வரிகள்தான் மழையில் டயரைப் பிடிக்கும். ஏழு நாள் சாக்கு போட்டு நனைத்து வையுங்கள். கார் இரண்டு கிழமைக்குப் பிறகு, லொறி 28 நாளுக்குப் பிறகு. நடுவில் உள்ள 3 அடியில் புல் பிடிக்கவிட்டு, 10 அடிக்கு ஒரு கல் வரிசையைக் குறுக்கே புதையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் அந்த இடைவெளியையே வாய்க்காலாக்கி, பட்டிகளின் அடியைத் தோண்டிவிடும்.

கேற்றை வீதி ஓரத்தில் வைக்காதீர்கள். 16 முதல் 18 அடி உள்ளே தள்ளி வைத்தால், கேற் திறக்கும் வரை கார் வீதியில் நிற்காது. கேற் அகலம் 12 அடி. அந்த முதல் 18 அடியைக் கொங்கிரீட்டாகவோ இன்டர்லொக் கல்லாகவோ செய்தால் கிரவல் வீதிக்கு இழுபடாது.

முதல் வருடம்

பாதை போட்ட முதல் மழைக்குக் கட்டாயம் போய் நில்லுங்கள். சின்னதாக ஒரு ஓடை பாதைக்குக் குறுக்கே வழி தேடுவது அன்றைக்கே கண்ணில் படும். மண்வெட்டியால் இரண்டு வெட்டு வெட்டித் திருப்பிவிடலாம். அடுத்த வருடம் அதற்குப் பெக்கோ வேண்டும்.

குழி விழுந்தால் கிரவலைக் கொட்டிக் காலால் மிதிப்பது பலனில்லை. குழியில் நிற்கும் தண்ணீரை வெளியேற்றி, ஓரங்களைச் சதுரமாக, கெட்டி மண் வரை வெட்டி, ஈரக் கிரவலை இரண்டு அடுக்காக இடித்து, சுற்றியுள்ள மட்டத்தைவிட அரை அங்குலம் உயர்த்தி விடுங்கள். ஒரே இடத்தில் மூன்றாவது தடவையும் குழி விழுந்தால், அங்கே கேம்பர் போய்விட்டது அல்லது வடிகான் அடைத்திருக்கிறது. நீளவாக்கில் இரண்டு தடங்கள் பள்ளமாகத் தொடங்கினால் சில்லை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். அதோடு நடுவுக்குக் கிரவலை இழுத்து, ஈரமான நாளில் ரோலர் விடுங்கள். ஏப்ரல் கடைசியிலும் செப்டெம்பர் கடைசியிலும் வடிகானையும் குழாய் வாயையும் துப்புரவாக்க அரை நாள் கூலிக்கு ஒருவரைப் பிடியுங்கள். ஓரத்தில் வளர்ந்த புல்லை வெட்டும்போது, புல் வேரோடு கட்டிக்கொண்ட மண் வரம்பையும் சேர்த்து வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு அங்குல வரம்பு போதும், பாதைத் தண்ணீர் வடிகானுக்குப் போகாமல் பாதையிலேயே தங்கிவிட.